ராமர் பச்சைச் சுவர்

டிசம்பர் 9

காலை 10.20க்கு ஜங்ஷன் கண்ணாடிக் கடையிலிருந்து ஆட்டோ வந்தது. ஒன்பது படம், சட்டம் போட்டு, செய்தித்தாளில் சுற்றி. எண்ணி இறக்கினேன். உடைசல் இல்லை.

நேரம் போட்டு எழுதுவது பழைய தோஷம். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் கார்டு. வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, எந்த ஸ்டேஷனுக்கு எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதி எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

படங்கள் நல்லசிவம் வரைந்தவை. எங்களுக்கு ஒரே மகன். என் அப்பா பெயரைத்தான் அவனுக்கு வைத்தோம். வீட்டை விட்டுப் போய், வருகிற பங்குனியோடு ஏழு வருஷம். அவன் டிரங்குப் பெட்டியில் சுருட்டி வைத்திருந்ததையெல்லாம் பிரமு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுபோய்ச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறாள்.

“இப்ப எதுக்கு?” என்றேன்.

“பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும். அடிச்சிட்டு இதெல்லாம் ஹால்ல மாட்டணும். அவன் வந்தான்னா பாக்க வேண்டாமா?”

ஏழு வருஷமாக அவள் வாயில் இந்த ‘வந்தான்னா’ இருக்கிறது. நான் அதற்குக் குறுக்கே நின்றதில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் என் மனைவி காலையில் எழுந்திருக்கிறாள், உலை வைக்கிறாள், கோலம் போடுகிறாள். அது அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிஞ்சியிருக்கும் டியூட்டி.

டிசம்பர் 10

படங்களைச் சுவரில் சாய்த்து வரிசையாக வைத்திருக்கிறாள். ஆற்றுப் பாலம். சந்திப்பிள்ளையார் முக்கில் வளையல் கடை. மழையில் நிற்கும் ஒரு எருமை. குட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி, அதன் வாசலில் பச்சைக் கொடியோடு ஓர் ஆள். அந்த ஆளுக்கு முகம் வரையவில்லை. தொப்பை மட்டும் என்னுடையது.

ஒன்பதாவது, அவனே. கண்ணாடியைப் பார்த்து வரைந்திருக்கிறான். சட்டை நன்றாக வந்திருக்கிறது.

டிசம்பர் 13

பெயிண்டர் பலவேசம் வந்தான். ஐம்பது வயது இருக்கும். சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டான், டாக்டர் முதுகைத் தட்டுகிற மாதிரி.

“ஈரம் இல்ல அண்ணாச்சி. பழசச் சொரண்டிட்டு ரெண்டு கோட்டு குடுத்தா போதும். எத்தன வருஷமாச்சி அடிச்சி?”

“ஏழு,” என்றாள் பிரமு.

அவனுக்கு ஒரு பெருமை உண்டு. மற்றவர்கள் மாதிரி வேலை முடிந்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டானாம். வீட்டில் இருந்த படத்தையெல்லாம் அவனே கழற்றி, அவனே துடைத்து, அவனே திரும்ப மாட்டி, சாமி படத்துக்கும் செத்துப்போன பெரியவர்கள் படத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் படி இறங்குவானாம். “எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான் ஆச்சி. சொவத்தத் தொட்டவன்தான் மனைக்குப் பொட்டும் வைக்கணும்.”

பிரமுவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. காப்பியோடு இரண்டு முறுக்கும் வந்தது. எனக்கு ஒன்றுதான்.

டிசம்பர் 14

ஷேடு கார்டு வந்திருக்கிறது. விரித்தால் மடியைத் தாண்டித் தொங்குகிறது. சந்தனம் போதும் என்றேன். எல்லாப் படத்துக்கும் ஒத்துப்போகும், அழுக்குத் தெரியாது, வீடு வெளிச்சமாக இருக்கும்.

பிரமு ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் கார்டை வைத்து வைத்துப் பார்த்தாள். எருமைக்கு வெங்காயத் தோல் நிறம் எடுப்பாக இருக்கிறது என்றாள். பாலத்துக்கு மாந்துளிர். எனக்கே ஆச்சரியம், சேலைக் கடையைத் தவிர வேறெங்கும் நிறம் பார்த்தவள் இல்லை. கடைசியில் ஒன்பதாவது படத்தின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

“இந்தச் சட்டை நெறந்தான்,” என்றாள். “ராமர் பச்ச. இந்தப் படம் மாட்டுற செவுரு பூரா இந்த நெறம் இருந்தா, அவன் அதுக்குள்ள இருந்து எட்டிப் பாக்கிற மாதிரி இருக்கும்.”

“இருட்டா இருக்கும்.”

“லைட்டு போட்டுக்கிடலாம்.”

“டல்லடிக்கும் பிரமு.”

அவள் என்னையே பார்த்தாள். “வேற என்ன?” என்றாள்.

வேறு ஒன்றுமில்லை என்றேன்.

டிசம்பர் 16

பெயிண்ட் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கார்டில் அந்த நிறம் இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீலத்தில் ஒன்று கிட்டத்தட்ட, பச்சையில் ஒன்று கிட்டத்தட்ட. சரியாக அது இல்லை.

கடைக்காரர், “துணி, இல, பூ எது வேணும்னாலும் கொண்டாங்கம்மா. மிஷின்ல வச்சா அதே கலரக் கலக்கித் தந்திரும்,” என்றார்.

பிரமு மணிபர்ஸைத் திறந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கை அளவு. அவன் சட்டை தைத்தபோது டெய்லர் திருப்பிக் கொடுத்த மிச்சம். ஏழு வருஷமாக அதை எங்கே வைத்திருந்தாள்? கசங்கவில்லை, மங்கவில்லை. கடைக்காரர் அதை விரலால் நீவி மிஷின் கண்ணுக்குக் கீழே வைத்தார்.

நான் வெளியே வந்து நின்றேன். உள்ளே தின்னர் வாடை தலைவலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். பக்கத்துக் கடையில் சோடா குடித்தேன்.

நிறத்தில் எனக்குத் தப்பு வராது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ரயில்வே டாக்டர் என் கண்ணைச் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார். எந்த வெளிச்சத்தில் காட்டினாலும் இது இன்ன நிறம் என்று சொல்லிவிடுவேன். சொல்லாமல் இருக்கவும் முடியும் என்பதை எந்த டாக்டரும் சோதிக்கவில்லை.

டிசம்பர் 17

மழை. எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 20

பலவேசம் ஹால் சுவரில் மூன்று கட்டம் அடித்துக் காட்டியிருக்கிறான். சந்தனம், மாந்துளிர், ராமர் பச்சை. ஒரு வாரம் இருக்கட்டும், காலை வெயிலிலும் சாயங்கால வெயிலிலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றான்.

நான் பேப்பர் படிக்கும் நாற்காலி அந்தச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. வாசல் பக்கம் திருப்பிப் போட்டேன். கேட்டால், வெளிச்சத்துக்கு என்று சொல்ல வைத்திருந்தேன். பிரமு கேட்கவில்லை.

டிசம்பர் 24

பிரமு கோவிலுக்குப் போன நேரம் பார்த்துப் பலவேசத்துக்கு போன் போட்டு வரவழைத்தேன்.

“ஆச்சிகிட்டச் சொல்ல வேண்டாம். நீரே வெள்ளையக் கொஞ்சம் சேத்து அந்தப் பச்சைய ரெண்டு ஷேடு வெளுப்பாக்கிரும்.”

“வெளுத்தா அது வேற கலராப் போவுமே அண்ணாச்சி. ஆச்சி துணிய வச்சி ஒரசிப் பாப்பாவ.” பிறகு ஒன்பதாவது படத்தைப் பார்த்தான். “தம்பி இப்ப எங்க இருக்காரு?”

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அணைந்த அடுப்பின் முன்னால் அவன் போகிறவரை நின்றேன்.

ஜனவரி 2

சுரண்டும் வேலை. வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. சாதத்தில் கூடப் பல்லில் கடிபடுகிறது.

சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. இந்தச் சுவரில் அவன் படம் ஒன்றுகூடத் தொங்கியதில்லை. நான் தொங்கவிடவில்லை. ரயில்வே பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்திருந்தும், பரீட்சை நாளில் அவன் போகாமல் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாலத்தை வரைந்துவிட்டு வந்தான். உள்ளே வந்து, இதை ஹாலில் மாட்டலாமா அப்பா என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

“சொவர் இருந்தாத்தாம்ல சித்திரம். மொதல்ல ஒரு வேலைக்குப் போ. நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுச் செவுத்துல ஒன் படம் ஒண்ணும் தொங்கக் கூடாது.”

சொன்ன நேரம் மாலை 5.40. மறுநாள் காலை அவன் இல்லை. பொங்கலுக்கு எடுத்த சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு போயிருந்தான்.

ஜனவரி 6

முதல் கோட்டு. ராமர் பச்சை. ஈரத்தில் இன்னும் அழுத்தமாக இருக்கிறது, காய்ந்தால் சரியாகிவிடும் என்கிறான் பலவேசம்.

நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டையும் வாசலுக்கே கொண்டுவரச் சொன்னேன். பிரமு தட்டை வைத்துவிட்டு, “அஞ்சு வருஷத்துக்கு முன்னால பென்ஷன் கூட்டம்னு ஒரு ஊருக்குப் போனியள்லா, கடற்கர ஊரு. அங்க சாப்பாடு எப்படி இருந்துச்சி?” என்றாள்.

எதற்கு இப்போது அதைக் கேட்கிறாள்?

நன்றாக இருந்தது என்றேன். மீன் வாடை என்றேன். இரண்டும் சேர்ந்து வருமா என்று யோசிக்கவில்லை.

ஜனவரி 8

இரண்டாம் கோட்டு.

அந்த ஊரில் பென்ஷன் கூட்டம் நடக்கவில்லை.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

காலை 9.10க்குப் பலவேசம் படம் மாட்ட வந்தான். பிரமு வரிசை சொல்லிக் கொடுத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். நான் பால் வாங்கக் கடைக்குப் போனேன். ஆணி அடிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்டது.

திரும்பி வந்தபோது 10.35. எல்லாம் மாட்டியாகிவிட்டது. கண்ணாடியெல்லாம் பளிச்சென்று இருந்தன. சாமி படங்களுக்குச் சந்தனம் குங்குமம். என் அப்பா அம்மா படத்துக்குச் சந்தனம் குங்குமம். ஒன்பதாவது படத்துக்கும்.

நெற்றி நடுவில், கண்ணாடி மேல், வட்டமாகச் சந்தனம், அதற்குள் குங்குமம். சட்டத்தின் மேல் முழ நீளத்துக்குச் செவ்வந்திச் சரம். பலவேசம் அவன் காசிலேயே வாங்கி வந்திருக்கிறான்.

“வெள்ளிக்கெழமையா இருக்கு அண்ணாச்சி,” என்றான் பலவேசம். கண் கலங்கியிருந்தது. “வாலிபப் பிள்ள. எனக்கே மனசு கேக்கல.”

“ஒம்மள எவன்வே வைக்கச் சொன்னது?”

அவன் முகம் செத்துவிட்டது. “அப்ப… தம்பி இருக்காரா?”

இருக்கிறான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு படத்தின் பக்கம் ஓடினேன். பிரமு இறங்கி வருவதற்குள் துடைத்துவிட வேண்டும், பூவைப் பிய்த்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் தலையில் இருந்தது.

“அழிக்காதிய.”

காலி வாளியோடு மாடிப்படியின் கீழே நின்றாள். எப்போது வந்தாள் தெரியாது.

“பலவேசம், நீங்க வீட்டுக்குப் போங்க,” என்றாள். “நீங்க ஒண்ணும் தப்பு செய்யல.”

அவன் போனான். கும்பிடவில்லை, டப்பாவையும் எடுத்துக்கொள்ளவில்லை.

“பென்ஷன் கூட்டத்துக்குப் போயிட்டு வந்தன்னிக்கு,” என்றாள் பிரமு, “முன்வாசல் வழியா வராம பக்கவாட்டுச் சந்து வழியா கொல்லைக்குப் போனிய. குழாயடியில, உடுத்த துணியோட, செருப்போட, தலைக்குத் தண்ணி ஊத்தினிய. அடுக்களை சன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஏழு வாளி. கூட்டத்துக்குப் போயிட்டு வந்தவுக உடுத்த துணியோட தலமுழுகிட்டா வாசப்படி ஏறுவாக? எழவுக்குப் போயிட்டு வந்த குளி எனக்குத் தெரியாதா?”

கையிலிருந்த துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டேன்.

“சொல்லுவிய, சொல்லுவியன்னு அஞ்சு வருஷம் இருந்தேன். வந்தான்னா, வந்தான்னான்னு தெனமும் சொன்னேன். ஒரு தடவயாவது, இனி வரமாட்டான் பிரமுன்னு சொல்லுவியன்னு பாத்தேன். இந்தக் கலர எடுத்தா அத வேண்டாம்னு சொல்லுததுக்காவது வாயத் தெறப்பியன்னு நெனச்சேன். இருட்டா இருக்கும்னிய. டல்லடிக்கும்னிய.”

சொன்னேன். அவன் போன பதினாறாவது மாசம் போலீசிலிருந்து போன் வந்ததை. கடலில் கிடந்து எடுத்த உடம்பு, நீங்கள் புகாரில் எழுதிய சட்டை மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள் என்றதை. ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையில் ஓர் ஆள் துணியை விலக்கியதை. முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சட்டை இருந்தது.

“உங்க மகனா?” என்று கேட்டார்கள்.

“இல்லை,” என்றேன்.

“நல்லாப் பாருங்க,” என்றார்கள். நன்றாகப் பார்த்தேன். முப்பத்தாறு வருஷம் நிறம் பார்த்த கண்ணால் பார்த்தேன். “இல்லை” என்றேன். ஆமாம் என்றால் அவனை இங்கே கொண்டுவர வேண்டும். இந்த ஹாலில் கிடத்த வேண்டும். இந்தச் சுவரின் கீழே. பிரமு அதைப் பார்க்க வேண்டும். இல்லை என்றால் வெறும் கையெழுத்து, அடுத்த ரயில். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். அவள் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாளே, அதிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேறு கேட்டாள்.

“எங்க பொதச்சாங்க?”

“தெரியாது.”

“கேக்கலியா?”

“இல்லன்னு சொன்னவன் எப்படிக் கேப்பேன்?”

பெற்ற பிள்ளையை நாதியற்றவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எந்த மண்ணில், எத்தனையாவது குழியில் என்றுகூடத் தெரியாது. பிரமு அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“மூணாவது பட்டன் வெள்ளையா இருந்துச்சா?” என்றாள். “அறுந்துபோச்சின்னு நாந்தான் வேற பட்டன் வச்சித் தச்சேன்.”

“இருந்துச்சி.”

அவள் சுவரைக் காட்டினாள். “கலர் இதுதானா?”

“இதுதான். கொஞ்சம் வெளுத்திருந்துச்சி. தண்ணியில கெடந்து.”

பிரமு சுவரைப் பார்த்தாள். கடையில் ஷேடு காட்டும்போது தலையாட்டுவாளே, அப்படித் தலையாட்டினாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள்.

ஜனவரி 11

பேசவில்லை. சாப்பாடு போட்டாள்.

ஜனவரி 14

பொங்கல் விடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்துவிட்டார்கள். மூடியபடி இருக்கிறது.

பலவேசம் டப்பாவை எடுக்க வந்தான். வாசலிலேயே நின்றான். மிச்சப் பெயிண்ட்டை என்ன செய்ய என்று கேட்டான். வைத்துவிட்டுப் போகச் சொன்னாள் பிரமு.

ஜனவரி 29, தை அமாவாசை

காலை 6.15க்கு ஆற்றுக்குப் போனோம். பிரமுவும் வந்தாள். இதுவரை வந்ததில்லை.

ஐயர் எள்ளும் தர்ப்பையும் கொடுத்து, அப்பா பெயரைச் சொல்லச் சொன்னார். “நல்லசிவம்” என்றேன். ஐந்து வருஷமாக இந்த ஒரு பெயரைச் சொல்லி இரண்டு பேருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன். அது யாருக்கும் தெரியாது என்றுதான் இருந்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று, யாருக்கும் கேட்காமல், திருடன் மாதிரி.

அம்மா, தாத்தா, பாட்டி எல்லாம் முடிந்தது. கையில் இன்னும் எள் இருந்தது. “நல்லசிவம்” என்று மறுபடி சொன்னேன்.

“அப்பா பேருதான் முதல்லயே ஆச்சே,” என்றார் ஐயர்.

“இது மகன் சாமி.”

அவர் என்னைப் பார்த்தார். “என்னிக்குத் தவறினான்?”

“தெரியாது.”

“எந்த ஊர்ல?”

அது தெரியும். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஊரின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். மேல்படியில் நின்ற பிரமு அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஐயர் கையில் தண்ணீர் வார்த்தார். எள் மிதந்து போனது.

8.05க்கு வீடு திரும்பினோம். கால் தானாகச் சந்துப் பக்கம், குழாயடிக்குத் திரும்பியது.

“ஆத்துலதான் குளிச்சாச்சில்லா,” என்றாள் பிரமு. “முன்வாசல் வழியா வாங்க.”

வந்தேன். என் நாற்காலி சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தது. உட்கார்ந்தேன். இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.